காலாடிப்பேட்டை முதல் எம்.சி. ரோடு வரை

திருவொற்றியூரை அடுத்த காலாடிப்பேட்டையின் பெயரைக் கேட்டு வெளியூரார் நகைப்பதுண்டு. காலாடி என்பது வேலையின்றித் திரிபவனைக் குறிக்குஞ் சொல். ஆனால் அவ்வூரில் முதன்முதற் குடியேறியவரோ, விடியல் தொட்டு அந்திவரை குழித்தறியில் அமர்ந்து உழைத்தவர்கள். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் என்பார் நெசவாளர்களை வருவித்து அமைத்த ஊராதலின் காலெட் பேட்டை எனப் பெயர் பெற்று, மக்கள் நாவில் அது காலாடிப்பேட்டையாயிற்று. தொடக்கத்தில் 104 வீடுகளும் 10 கடைகளும் ஒரு கோயிலுமாக 489 பேர் அங்கே வாழ்ந்தனரென்று கும்பெனிக் குறிப்புக்களால் அறிகின்றோம்.

அந்நாளில் இக்கரையிலே துணி என்பது பெரிதும் விற்றனுப்பும் பொருளாகவே இருந்தது. 1639ஆம் ஆண்டில் பிரான்சிஸ் டே இம்மணற்கரையைத் தேர்ந்ததற்கே, இங்கே துணி பிறவிடங்களினும் நூற்றுக்கு 20 பங்கு மலிவாகக் கிடைக்குமென்பது ஒரு காரணமாம். கும்பெனி வணிகர் நெசவாளருக்கு முன்பணம் கொடுப்பர். நெய்து வந்த துணியைத் தரம் பிரித்து, துவைத்து, வெயிலில் உலர்த்தி வெளுப்பர். அவ்வாறு வெளுத்தவர்கள் இருந்த இடமே வண்ணாரப்பேட்டை. துறைமுகம் இல்லாத காலமாதலின், மூட்டைகள் மசூலாப் படகில் அலை கடந்து கப்பலேறின.

இத்துணியின் சிறப்பே அதற்குப் பகையாயிற்று. தம் நாட்டு நெசவுத் தொழிலைக் காக்க வேண்டி, இங்கிலாந்தார் 1700ஆம் ஆண்டிற் சாயமிட்ட இந்தியத் துணியின் இறக்குமதியைத் தடுத்தனர். 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுப்பதையே பெரும்பாலும் விலக்கினர். காலெட் சென்னையை நீங்கி ஓராண்டே கழிந்திருந்தது! பின்னர் அங்கே நீராவி ஆலைகள் எழ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டர்த் துணி இதே கடல் வழியாய் இங்கு வந்திறங்கலாயிற்று. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை புகைவண்டி ஓடத் தொடங்கியதும், கடற்கரையிலிறங்கிய சரக்கு நெசவூர்களின் வாயிற்படிக்கே எளிதாகச் செல்ல வழி பிறந்தது. நெய்து விற்ற நாடு வாங்கியுடுக்கும் நாடாயிற்று. நம் ஊர்களில் ஜவுளிக்கடைகள் பெருகிய வரலாற்றை வெறும் வளர்ச்சியென்று எழுதுவாருடன் யான் உடன்படாமைக்கு இதுவே காரணம். கடை பெருகிய அளவுக்குத் தறி குறைந்தது.

துணியை அக்காலக் கடைக்காரர் கெஜக் கோலால் அளந்து கிழித்துக் கொடுப்பர். அறுக்கப்படுவது அறுவை, துணிக்கப்படுவது துணி என்னும் பழஞ்சொற்களின் பொருள் அங்கே கண்கூடாய் விளங்கும். சங்கப் புலவருள் ஒருவரே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் எனப்படுவர். இன்று தைத்து முடித்த உடையையே மடிப்புக் கலையாமல் எடுத்து வருகின்றோம். துணிப்பதும் தைப்பதும் நாம் காணாத தொழிற்கூடங்களில் நிகழ்கின்றன.

இடையே ஆலைகளும் வந்து போயின. பெரம்பூர்ப் பக்கத்துப் பக்கிங்ஹாம் ஆலை 1876இல் தோன்றியது. கர்நாடிக் ஆலை பின்னர் எழுந்தது. அங்குள்ள தொழிலாளரின் குறைகளை முதலிற் செவிமடுத்தவர், அவர்களோடு பழகிய சிறு வணிகர்களாகிய செல்வபதி செட்டியாரும் இராமாநுசலு நாயுடுவுமேயாவர். அவர்கள் முயற்சியினாலும் பி.பி. வாடியா, திரு.வி.க. முதலியோர் துணையாலும் 1918ஆம் ஆண்டு ஏப்பிரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் நிறுவப்பட்டது. ஆலை 1996இல் மூடப்பட்டது.

இன்று வடசென்னையார் தீபாவளிக்கும் திருமணத்துக்கும் துணியெடுக்கச் செல்லுமிடம் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. கும்பெனித் துணி வெளுத்த பேட்டையே துணிக்கடை வீதியாய் விளங்குவது காண்க. 2021 பிப்ரவரி முதல் காலாடிப்பேட்டையிலிருந்து அங்கே மெட்ரோ ரயிலிற் செல்லலாம். தறியை விட்ட நம்மவர் குடும்பத்துப் பெண்மக்கள் பலர் இத்தகைய கடைகளில் வேலைக்குச் சேர்ந்துள்ளனர். பாட்டனார் தறிக்குழியில் கால் வைத்து அமர்ந்து நெய்தார். பேர்த்தியோ காலை முதல் இரவுவரை நின்றுகொண்டே துணியை விரித்துக் காட்டுகின்றாள்.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவிற் கடைப் பெண்கள் பெண்கூட்டு என்னும் அமைப்பின் வாயிலாகக் கிளர்ந்தெழுந்ததன் பயனாக, 2018இல் கேரளத்தில் இருக்கை உரிமை சட்டமாயிற்று. அதனைப் பின்பற்றி, 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றம் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. வேலையினிடையே உட்கார வாய்ப்பு நேரும்போது உட்காருதற்கு, பணியாளர் அனைவருக்கும் இருக்கை அமைத்தல் வேண்டுமென்பது அதன் விதி. கடை நடத்தும் நம் சங்கத்து அன்பர்கள் அதனை ஒருமுறை படித்துப் பார்ப்பார்களாக. முக்காலி போட்டிருந்தும், முதலாளி கண்ணிற்படுமே என்று அதில் அமர அஞ்சி, சுவரிற் சாய்ந்து கால் மாற்றி நிற்கும் பெண்களை யான் கண்டிருக்கின்றேன்.