பிளக் வாங்கப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு

"சேர், இரிடியம் பிளக் போட்டா பெற்றோல் மிச்சமாகுமாமே, உண்மையா?" என்று ஆசிரியர் அறையில் நண்பர் ஒருவர் கேட்டார். அவருடைய பழைய கொரோலாவுக்கு நான்கு பிளக் மாற்ற வேண்டுமாம். கராஜ் நானா ஒன்று சொல்கிறார், பஞ்சிகாவத்தைக் கடைக்காரர் வேறொன்று சொல்கிறார், மச்சான் மூன்றாவதாக ஒன்று சொல்கிறார். நான் வரலாறு படிப்பிக்கிறவன். என்னிடம் கேட்டால் 1860இல் இருந்துதான் தொடங்குவேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், விடையும் வரும்.

1860இல் பாரிஸில் எத்தியேன் லெனுவார் என்பவர் நிலக்கரி வாயுவில் ஓடும் எஞ்சின் ஒன்றைச் செய்தார். உள்ளே இருக்கும் வாயுவைப் பற்றவைக்க மின்பொறியைப் பயன்படுத்தினார். இன்றைய பிளக்கின் மூதாதை அதுதான். ஆனால் அடுத்த நாற்பது வருடங்களுக்கு இந்த விடயம் ஒரு தலைவலியாகவே இருந்தது. டைம்லர் மின்பொறியை நம்பவே இல்லை. ஒரு குழாயை வெளியிலிருந்து நெருப்பால் பழுக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டில் பற்றவைத்தார். பெற்றோல் வண்டியில் எந்நேரமும் எரியும் திறந்த நெருப்பு, யோசித்துப் பாருங்கள்! கார்ல் பென்ஸ் மின்கலமும் சுருளும் வைத்துப் பொறியையே நம்பினார். 1888இல் அவருடைய மனைவி பெர்த்தா, இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை அந்த வண்டியை ஓட்டிப் போனார். வழியில் பற்றவைப்பு வயரின் உறை தேய்ந்தபோது, தன் காலுறைப் பட்டியைக் கழற்றி அதில் சுற்றினார் என்று சொல்வார்கள்.

தலைவலியைத் தீர்த்தவர் ஸ்டுட்கார்ட்டில் ரொபர்ட் பொஷ்ஷின் பட்டறையில் வேலை செய்த கொட்லொப் ஹொனோல்ட். எஞ்சின் சுழலும்போதே உயர் மின்னழுத்தத்தைத் தானே உண்டாக்கும் மெக்னீட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் அவர் உருவாக்கினார். காப்புரிமை 1902இல் கிடைத்தது. மோட்டார் வண்டிகள் வேகம் பிடித்தது அதற்குப் பிறகுதான்.

அமெரிக்காவில் நடந்தது ஒரு சினிமாக் கதை. அல்பேர்ட் சாம்பியன் என்ற பிரெஞ்சுச் சைக்கிள் வீரர் 1899இல் பாரிஸ்–ரூபே ஓட்டத்தை வென்றவர். அமெரிக்கா போய் பொஸ்டனில் தன் பெயரிலேயே கம்பனி தொடங்கினார். பங்காளிகளோடு பிணங்கி வெளியேறினார். பெயர் பங்காளிகளிடமே தங்கிவிட்டது. அதுதான் சாம்பியன் பிளக். பெயரை இழந்த மனிதர் 1908இல் பிளின்ட் நகரில் வேறொரு கம்பனி தொடங்கி, கடைசியில் தன் முதலெழுத்துகளை மட்டும் அதற்கு வைத்தார். ஏ.சி. பிளக் வந்த வழி அது. ஆக, கடைத் தட்டில் போட்டிக்கு நின்ற இரண்டு பெட்டிகளும் ஒரே ஆளின் பெயர்.

இப்போது நம் ஊருக்குக் கிட்டே வருவோம். பிளக்கின் வெள்ளைப் பகுதி பீங்கான். பல்லாயிரம் வோல்ட் மின்சாரத்தைக் கசியவிடாமல், ஒரு பக்கம் நெருப்பையும் மறுபக்கம் குளிர்ச்சியையும் வெடிக்காமல் தாங்கவேண்டியது அதுதான். ஜப்பானின் நகோயாவில் 1904இல் தொடங்கிய நொரிடாக்கே கம்பனியை நமக்குத் தெரியும். மாத்தளைத் தொழிற்சாலையின் கோப்பைகள் கல்யாண வீடுகளில் பரிசாகக் கைமாறியவை. அந்தக் கம்பனியிலிருந்து 1919இல் மின்கம்பப் பீங்கான் செய்யும் நிப்பொன் கைஷி பிரிந்தது. அதிலிருந்து 1936இல் பிளக் கம்பனி பிரிந்தது. அதுதான் என்.ஜி.கே. விருந்தாளிக்குத் தேத்தண்ணீர் கொடுக்கும் கோப்பையும் காருக்குள் இருக்கும் பிளக்கும் ஒரே குடும்பம். (டோட்டோ என்ற கழிவறைப் பீங்கான் கம்பனியும் அதே குடும்பம்தான். அதை விருந்தாளியிடம் சொல்லவேண்டாம்.) இன்னொரு பெயரான டென்சோ, 1949இல் டொயோட்டாவிலிருந்து பிரிந்தது.

இனி, பலரும் தடுக்கி விழும் இடம். பிளக்கின் நுனி ஏறத்தாழ 500 பாகை சூட்டுக்கு மேலே இருந்தால்தான் படியும் கரியைத் தானே எரிக்கும். 850, 900ஐத் தாண்டினால் பொறிக்கு முன்பே பெற்றோல் பற்றிக்கொண்டு எஞ்சினை அடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வைப்பதற்குத்தான் சூட்டு எண். என்.ஜி.கே., டென்சோ இரண்டிலும் எண் கூடினால் பிளக் குளிர்ந்தது. பொஷ், சாம்பியனில் நேர்மாறு, எண் கூடினால் சூடானது. என்.ஜி.கே.யின் 5 டென்சோவில் 16, என்.ஜி.கே.யின் 6 டென்சோவில் 20. ஒரே உலகச் சட்டம் வரவே இல்லை. ஆகவே "ஆறாம் நம்பர் தாங்க" என்று மட்டும் கேட்டால் எதுவும் கைக்கு வரலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் கார் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். அதில் ரேஸ் ஓடுகிறவர்கள் போடும் குளிர் பிளக்கைப் போட்டால் ஒரு மாதத்தில் கரி பிடித்துக் குலுங்கும்.

பெட்டியில் பி.கே.ஆர்.5இ-11 என்று இருந்தால் இப்படி வாசியுங்கள். பி என்றால் 14 மில்லிமீற்றர் மரை. கே என்றால் 16 மில்லிமீற்றர் சாவி. ஆர் என்பது ரேடியோவில் இரைச்சல் வராமல் தடுக்கும் மின்தடை. 5 சூட்டு எண். இ என்றால் மரையின் நீளம் 19 மில்லிமீற்றர். 11 என்றால் இடைவெளி 1.1 மில்லிமீற்றர். இதில் நீளம் பிழைத்தால் செலவு பெரிது. நீளம் கூடிய பிளக் பிஸ்டனில் இடிக்கலாம்.

பிளக்கைக் கழற்றி வயர் பிரஷ்ஷால் தேய்த்துத் திரும்பப் போடும் பழக்கம் நம் வாப்பாமார் காலத்தது. அதற்குக் காரணம் இருந்தது. 1921இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த ஈயக் கலவை உலகம் முழுவதும் பெற்றோலில் கலக்கப்பட்டது. அது எஞ்சினின் இடியைக் குறைத்தது, ஆனால் பிளக்கில் படிந்தது, பிள்ளைகளின் இரத்தத்திலும் படிந்தது. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. ஈயமும் கார்புரேட்டரும் போன பிறகு தேய்க்க வேண்டிய தேவை அநேகமாகப் போய்விட்டது. இரிடியம் பிளக்கைத் தேய்க்கவே கூடாது. நுனி 0.4 முதல் 0.7 மில்லிமீற்றர் தடிப்பமே உள்ள கம்பி, பிரஷ் பட்டால் கெட்டுவிடும்.

சரி, நண்பரின் கேள்வி. நிக்கல் 1,455 பாகையில் உருகும், இரிடியம் 2,446இல். அதனால்தான் அதை மெல்லிய கம்பியாக்க முடிகிறது, அதனால்தான் நெடுநாள் நிற்கிறது. தேய்ந்துபோன பழைய பிளக்கைக் கழற்றிப் புதிதாக எதைப் போட்டாலும் பெற்றோல் கொஞ்சம் குறையும். அந்தப் பெருமை இரிடியத்துக்கு மட்டும் உரியதல்ல. 2022இல் கியூ.ஆர். அட்டையில் வாரத்துக்கு 20 லீற்றர் என்று நின்றபோது பலர் இந்த நம்பிக்கையில்தான் காசைக் கொட்டினார்கள். இரிடியம் 100,000 கிலோமீற்றர் ஓடும் என்பார்கள், நிக்கல் 20,000, 30,000. உங்கள் கார் வருடத்துக்கு 8,000 ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 100,000 முடிய பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் காரே கைமாறிவிடும். கையேட்டில் நிக்கல் என்று இருந்தால் நிக்கலே போதும். இரிடியம் அல்லது பிளாட்டினம் என்று இருந்தால் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். அந்த எஞ்சின்களில் பிளக்கை எட்டுவதற்கே மேலே உள்ள பாகங்களைக் கழற்ற வேண்டி வரலாம், கூலி பிளக்கின் விலையைத் தாண்டிவிடும்.

வாகன இறக்குமதி 2020இல் நின்று வருடக்கணக்காகத் திறக்கவில்லை. பழைய கார்களே ஓடின, உதிரிப்பாக வியாபாரம் பெருத்தது, போலியும் கூடவே வந்தது. இரிடியம் என்று சொல்லித் தந்த பிளக்கின் நுனி தடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். எழுத்து நகத்தால் சுரண்ட அழிந்தாலும், நான்கு பிளக்கின் இடைவெளியும் நான்கு விதமாக இருந்தாலும் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். பற்றுச்சீட்டு தராத கடையில் வாங்கவேண்டாம்.

கராஜில் கழற்றிய பழைய பிளக்குகளை எந்தச் சிலிண்டரில் எது இருந்தது என்று வரிசையாக வைக்கச் சொல்லிப் பாருங்கள். வெளிர்ப் பழுப்பு என்றால் நலம். காய்ந்த கரி என்றால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது அல்லது பிளக் அந்தக் காருக்குக் குளிர்ந்தது. எண்ணெய்ப் பிசுபிசுப்பு என்றால் எஞ்சின் எண்ணெய் உள்ளே இறங்குகிறது, அதற்குப் புதுப் பிளக் மருந்தல்ல. நண்பரின் நான்கில் மூன்று பழுப்பு, ஒன்று ஈரக் கறுப்பு. நான்கு நிக்கல் பிளக் வாங்கியிருக்கிறார். மிச்சக் காசோடு அந்த நாலாவது சிலிண்டரைக் காட்டச் சனிக்கிழமை போகிறார்.