ஸ்டாலின் பாதியில் எழுந்து போனார்

1936, ஜனவரி 26. மாஸ்கோ. போல்ஷாய் தியேட்டர்காரர்கள் மேடையேற்றியிருந்த ஓர் ஓபராவைப் பார்க்க ஸ்டாலின் வந்திருந்தார். கூடவே மொலோடோவ், மிகோயான், ஸ்தானோவ். எல்லாரும் பெரிய தலைகள். 'உடனே தியேட்டருக்கு வந்து சேரவும்' என்று அந்த ஓபராவுக்கு இசை எழுதியவருக்கும் தகவல் போனது. திமித்ரி ஷோஸ்டகோவிச். வயது 29. வட்டக் கண்ணாடி, பள்ளிக்கூடப் பையன் முகம்.

இளைஞர் நிறைய எதிர்பார்ப்போடுதான் வந்திருப்பார். காரணம் உண்டு. பத்து நாளைக்கு முன்புதான் இன்னோர் இசையமைப்பாளரின் ஓபராவைப் பார்த்த ஸ்டாலின், அவரைக் கூப்பிட்டு வைத்துப் பேசி, உற்சாகப்படுத்தி அனுப்பியிருந்தார். அடுத்த அதிர்ஷ்டசாலி நாம்தான் என்று யாருக்குத்தான் தோன்றாது?

ஆனால் யாரும் கூப்பிடவில்லை. ஓபரா முடிவதற்கு முன்பே ஸ்டாலினும் பரிவாரமும் எழுந்து போய்விட்டார்கள்.

ஷோஸ்டகோவிச் குழப்பத்தோடு ரயிலேறி, வடக்கே ஆர்க்காங்கெல்ஸ்க் நகரத்தில் ஒரு கச்சேரிக்குப் போனார். ஜனவரி 28-ம் தேதி 'பிராவ்தா' பேப்பரை வாங்கிப் பிரித்தார். உள்ளே ஒரு கட்டுரை. எழுதியவர் பெயர் இல்லை. தலைப்பு மட்டும் இருந்தது: 'இசையல்ல, குழப்பம்'.

பெயர் போடாத பிராவ்தா கட்டுரை என்றால் அது கட்சியின் குரல். கட்சியின் குரல் என்றால் யாருடைய குரல் என்று அந்த தேசத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்த ஓபராவில் பாட்டே கிடையாது, கத்தலும் கூச்சலும்தான். மக்களுக்குப் புரியாத வக்கிரம் என்று விளாசியிருந்தார்கள். இந்த விளையாட்டு ரொம்ப மோசமாக முடியக்கூடும் என்று ஒரு வரியும் போகிற போக்கில் இருந்தது.

போகிற போக்கில்தான். ஆனால் அது இசை விமரிசனம் இல்லை. மிரட்டல்.

அப்படி என்ன தப்பு செய்துவிட்டார் மனிதர்?

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையை 'ரொமான்டிக்' காலம் என்பார்கள். காதல் என்று மட்டும் அர்த்தமில்லை. மனசில் இருப்பதை அப்படியே கொட்டுவது. சோகமா, நெஞ்சு வெடிக்க சோகம். வெற்றியா, கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி வெற்றி. இதற்கு வழி போட்டவர் பீத்தோவன். ரஷ்யாவில் அதன் உச்சம் சைகோவ்ஸ்கி. அவர் சிம்பொனியைக் கேட்டால் சங்கீத ஞானம் சுத்தமாக இல்லாதவருக்கும் தொண்டை அடைக்கும்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் அடுத்த தலைமுறைக்கு இது திகட்ட ஆரம்பித்தது. 1913-ல் ஸ்ட்ராவின்ஸ்கி பாரிஸில் ஒரு பாலேவை அரங்கேற்ற, முரட்டுத் தாளமும் உரசும் ஸ்வரங்களும் தாங்காமல் சபையில் ரகளையே ஆகிவிட்டது. வியன்னாவில் ஷோன்பெர்க், 'ஆதார ஸ்வரம் என்று ஒன்று எதற்கு?' என்று அதையே தூக்கிக் கடாசினார். நம் காதுக்கு அபஸ்வரம் என்று படுவதெல்லாம் அங்கே புது இலக்கணம்.

புரட்சிக்குப் பிறகு வந்த இருபதுகளில் சோவியத் ரஷ்யா இந்தப் புதுமைகளுக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தது. ஷோன்பெர்கின் சீடர் ஆல்பன் பெர்க் எழுதிய 'வோட்செக்' ஓபரா 1927-லேயே லெனின்கிராடில் மேடையேறியது. அந்தக் காற்றில் வளர்ந்தவர்தான் ஷோஸ்டகோவிச். ஊமைப்படத் தியேட்டரில் பியானோ வாசித்துச் சம்பாதித்துக்கொண்டே படித்தவர். படிப்பின் முடிவில் எழுதிய முதல் சிம்பொனி 1926-ல் அரங்கேறியபோது வயது பத்தொன்பது. சில வருடங்களில் உலகத்துக்கே பெயர் தெரிந்துவிட்டது.

பிராவ்தா கிழித்த ஓபராவின் பெயர் 'ம்ட்சென்ஸ்க் மாவட்டத்து லேடி மேக்பெத்'. காதலே கிடைக்காத ஒரு வியாபாரியின் மனைவி. மாமனாருக்குக் காளானில் விஷம். கள்ளக்காதலனோடு சேர்ந்து புருஷனையும் தீர்த்துக்கட்டுகிறாள். கடைசியில் சைபீரியா போகும் வழியில் ஆற்றில் சாவு. இசை கதையை விட முரடு. படுக்கையறையில் நடப்பதைக்கூட டிராம்போன் விவரித்தது. 1934 ஜனவரியில் அரங்கேறி இரண்டு வருடம் சக்கைப்போடு போட்டது. 1935-ல் அமெரிக்காவிலும் போட்டார்கள். சோவியத் பத்திரிகைகளே புகழ்ந்து தள்ளின.

ஜனவரி 28-க்குப் பிறகு அதே பத்திரிகைகள் அப்படியே பல்டி அடித்தன. பிப்ரவரியில் பிராவ்தா இன்னொரு கட்டுரை போட்டு அவருடைய பாலே ஒன்றையும் கிழித்தது. இசைக் கலைஞர்கள் கூட்டம் போட்டுக் கண்டித்தார்கள். நேற்று வரை தோளில் கை போட்டவர்கள்! குற்றத்துக்கு ஒரு பெயரும் ரெடியாக இருந்தது: 'ஃபார்மலிசம்'. அதாவது, உள்ளடக்கத்தை விட்டு வடிவத்தோடு விளையாடுவது. நடைமுறையில், மேலிடத்துக்குப் பிடிக்காத எதுவும் ஃபார்மலிசம்தான்.

ஷோஸ்டகோவிச் ஒரு காரியம் செய்தார். தன்னைத் திட்டி வந்த கட்டுரைகளையெல்லாம் வெட்டி ஓர் ஆல்பத்தில் ஒட்டி வைத்தார். எதற்கும் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த நாலாவது சிம்பொனியை எழுதி முடித்தார்.

கர்நாடகக் கச்சேரி கேட்டுப் பழகிய நமக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்க வேண்டும். அங்கே மேடையில் கற்பனை கிடையாது. எந்த வாத்தியம், எந்த நொடியில், எந்த ஸ்வரம்... எல்லாம் தாளில் எழுதியாக வேண்டும். எழுதியது எழுதியதுதான். அதாவது, சாட்சியம்.

நாலாவது சிம்பொனிக்கு நூற்றுக்கும் மேல் வாத்தியக்காரர்கள் வேண்டும். ஒரு மணி நேரம் ஓடும். பிரமாண்டம், நையாண்டி, அலறல், எல்லாம் உண்டு. முடிவில் வெற்றி முழக்கம் கிடையாது. செலஸ்டா என்ற மணியோசை வாத்தியம் சில ஸ்வரங்களை உதிர்க்க, இசை மெல்ல மெல்ல இருட்டுக்குள் போய்விடும். 1936-ல் மகிழ்ச்சி கட்டாயமாக இருந்த தேசத்தில் இப்படி ஒரு முடிவு!

லெனின்கிராடில் ஒத்திகை நடந்தது. அரங்கேற்றம் டிசம்பரில். கடைசி நேரத்தில் நின்றுபோனது. 'இசையமைப்பாளரே வாபஸ் வாங்கிக்கொண்டார்' என்று பத்திரிகையில் செய்தி வந்தது. வாபஸ் வாங்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. சிம்பொனி மேஜை டிராயருக்குள் போனது.

1937 பிறந்தது. ரஷ்ய சரித்திரத்தின் பயங்கரமான வருடங்களில் ஒன்று. 1937, 38 இரண்டே வருடத்தில் ஆறு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மரண தண்டனை என்று சோவியத் ஆவணங்களே சொல்கின்றன. ஷோஸ்டகோவிச்சின் அக்கா கணவர் கைதானார். மாமியாரை முகாமுக்கு அனுப்பினார்கள். அவரை ஆதரித்து வந்த ராணுவ மார்ஷல் துகாச்செவ்ஸ்கி, பொழுதுபோக்காக வயலின் செய்கிற மனிதர், ஜூன் மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். வீட்டில் ஒரு வயதுப் பெண் குழந்தை.

ஏப்ரலில் தொடங்கி ஜூலைக்குள் இந்த மனிதர் எழுதி முடித்ததுதான் ஐந்தாவது சிம்பொனி.

மேலோட்டமாகப் பார்த்தால் சரணாகதி. முரட்டுச் சோதனைகள் இல்லை. ஒழுங்காக நாலு பகுதிகள். மைனரில் சோகமாகத் தொடங்கி மேஜரில் முழக்கத்தோடு முடிகிறது. பீத்தோவன் போட்ட பாதை, சைகோவ்ஸ்கி நடந்த பாதை. பையன் திருந்திவிட்டான்! பிற்பாடு ஒரு பத்திரிகையாளர் இதை 'நியாயமான விமரிசனத்துக்கு ஒரு சோவியத் கலைஞனின் பதில்' என்கிற ரீதியில் வர்ணித்தார். அந்த வர்ணனையே சிம்பொனியின் துணைத் தலைப்பு மாதிரி ஒட்டிக்கொண்டது. ஷோஸ்டகோவிச் மறுக்கவில்லை. மறுக்க அவருக்குப் பைத்தியமா?

நவம்பர் 21. லெனின்கிராட் ஃபில்ஹார்மோனிக்கின் வெள்ளைத் தூண்கள் நிற்கிற மண்டபம். நடத்துனர் எவ்கெனி ம்ராவின்ஸ்கி, வயது 34. மூன்றாவது பகுதி ஆரம்பித்தது. லார்கோ. ரொம்ப மெதுவான நடை. டிரம்பெட், டிராம்போன் எல்லாம் வாய் மூடிக்கொள்ள, வயலின்களும் செல்லோக்களும் மட்டும் பிரிந்து பிரிந்து தவிக்கும். நடுவே ஒற்றைப் புல்லாங்குழல்.

சபையில் அழ ஆரம்பித்தார்கள். ஆண், பெண் வித்தியாசமில்லை.

அந்த வருடத்து லெனின்கிராடை நினைத்துப் பாருங்கள். ராத்திரி வந்து கதவைத் தட்டிக் கூட்டிக்கொண்டு போன ஆட்கள் திரும்பவில்லை. அவர்களுக்காக வாய்விட்டு அழக்கூட முடியாது. மக்களின் எதிரிக்காக அழுதாய் என்று அடுத்த குற்றப்பத்திரிகை உன் பேரில் வரும். வீட்டில் அழ முடியாதவர்களுக்கு அன்று ஒரு பொது இடம் கிடைத்தது. சிம்பொனி கேட்டுக் கண் கலங்கினேன் என்றால் எந்தச் சட்டத்தில் பிடிப்பார்கள்?

ரொமான்டிக் இசையின் அடிப்படையே மனசைத் திறந்து கொட்டுவதுதான் இல்லையா? 'எல்லாருக்கும் புரிகிற மாதிரி எழுது' என்று கட்டளை போட்டார்கள். எழுதினார். எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

முடிந்ததும் சபை மொத்தமும் எழுந்து நின்றது. கைதட்டல் அரை மணி நேரம் ஓடியது என்று அங்கிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சிம்பொனியே முக்கால் மணி நேரம்தான்! ம்ராவின்ஸ்கி இசைத் தாள்களைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

மேலிடத்துக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? மாஸ்கோவிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து இறங்கினார்கள். சபையில் இருப்பது நிஜமான ரசிகர்களா, சொல்லிவைத்துக் கூட்டி வந்த ஆட்களா என்று விசாரித்தார்கள். டிக்கெட் வாங்கிய சாதாரண ஜனங்கள்தான் என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் அரசாங்கமும் ஏற்றுக்கொண்டது. திருந்திய கலைஞன் என்ற கதை அவர்களுக்கும் சௌகரியம். ஷோஸ்டகோவிச் பிழைத்தார்.

முழுசாகவா? இல்லை. 1942-ல் ஜெர்மானிய முற்றுகைக்குள் பட்டினி கிடந்த லெனின்கிராடில் அவருடைய ஏழாவது சிம்பொனி ஒலித்தபோது தேசத்தின் ஹீரோ. 1948 பிப்ரவரியில் மறுபடியும் ஃபார்மலிஸ்ட் பட்டம். இந்தத் தடவை கன்சர்வேட்டரி வேலைகளும் போயின. அதனால் இரண்டு கையால் எழுதக் கற்றுக்கொண்டார். ஒரு கை சினிமாவுக்கும் அரசு விழாக்களுக்கும். இன்னொரு கை டிராயருக்கு. 1948-ல் முடித்த வயலின் கான்செர்ட்டோ, ஸ்டாலின் செத்து இரண்டரை வருடம் கழித்து 1955-ல்தான் வெளியே வந்தது. லேடி மேக்பெத் ஓபரா, பெயரையும் கொஞ்சம் உள்ளடக்கத்தையும் மாற்றிக்கொண்டு 1963-ல் மறுபடி மேடையேறியது.

நாலாவது சிம்பொனி? யுத்தத்தில் அதன் கையெழுத்துப் பிரதியே தொலைந்துபோனது. நல்ல வேளையாக, 1936 ஒத்திகைக்காக ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனித்தனியாக எழுதிக்கொடுத்த தாள்கள் லெனின்கிராடில் பத்திரமாக இருந்தன. ஒட்டுப்போட்டு முழுசையும் மீட்டார்கள். 1961, டிசம்பர் 30. மாஸ்கோவில் கிரில் கொண்ட்ராஷின் நடத்தினார். இருபத்தைந்து வருடம் காத்திருந்த சிம்பொனி, அதே இருட்டான முடிவோடு ஒலித்தது. எழுதியவருக்கு இப்போது வயது 55. 1975 ஆகஸ்டில் காலமானார்.

ஐந்தாவது சிம்பொனியின் கடைசிப் பகுதி பற்றிய சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. பித்தளை வாத்தியங்கள் முழங்க, ஒரே ஒரு ஸ்வரத்தை வயலின்கள் இருநூறு தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வாசிக்கும். இது ஆனந்தமா, பிரம்பைக் காட்டி வரவழைத்த ஆனந்தமா? இரண்டாவதுதான் என்று ஷோஸ்டகோவிச்சே சொன்னதாக 1979-ல் ஒரு புத்தகம் வந்தது. அது நிஜமாகவே அவர் வாக்குமூலம்தானா என்று அறிஞர்கள் இன்றைக்கும் மல்லுக்கட்டுகிறார்கள். போதாக்குறைக்கு, அச்சான இசைத் தாள்களிலேயே வேகம் இரண்டு விதமாக இருக்கிறது.

1959-ல் அமெரிக்க நடத்துனர் பெர்ன்ஸ்டீன் மாஸ்கோவுக்கே வந்து இதைப் பறக்கிற வேகத்தில் வாசிக்க வைத்தார். கேட்டால் வெற்றி ஊர்வலம். ஷோஸ்டகோவிச் மேடையேறிக் கைகுலுக்கினார். அவருடைய நண்பர் ரோஸ்ட்ரோபோவிச் பின்னாளில் அதையே ஊர்ந்து ஊர்ந்து நடத்தினார். அப்போது அதே ஸ்வரங்கள் ஆணியடிக்கிற மாதிரி இறங்கும். இரண்டு பதிவுகளும் இன்று இணையத்தில் சுலபமாகக் கிடைக்கின்றன. கடைசி மூன்று நிமிடம் போதும். ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். அன்று அந்த வெள்ளைத் தூண் மண்டபத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் எதைக் கேட்டிருப்பீர்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.