பாறையைத் தட்டிக் கேட்ட வரலாறு



அறிவியல் பாடவேளையில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வினவினான்: "நிலத்தடிப் பாறையில் எண்ணெய் தங்க இடம் உண்டா என்று எப்படி ஐயா அறிகிறார்கள்?"

"உன் பாட்டி பலாப்பழத்தை எப்படிச் சோதிப்பார்?" என்றேன்.

"தட்டிப் பார்ப்பார் ஐயா."

எண்ணெய்க் கிணற்றிலும் ஏறத்தாழ அதுவே நடக்கிறது.

1927இல் பிரான்சின் பெஷல்பிரோன் எண்ணெய் வயலில், ஷ்லம்பெர்ஜர் சகோதரர்களின் குழுவினர் மின்சாரத்தின் துணையால் கிணற்றுப் பாறைகளின் இயல்பை முதன்முதலாகப் பதிவு செய்தனர். சகோதரர்களுள் மூத்தவரான கான்ராட், 1935இல் ஒலியையும் பயன்படுத்தும் வழியை வகுத்தார். ஒலியெழுப்பும் கருவி ஒன்று. அதனைக் கேட்கும் கருவிகள் இரண்டு. ஒலி அவ்விரண்டையும் அடையும் நேர வேறுபாடு, பாறையில் ஒலி செல்லும் வேகத்தைக் காட்டும். ஆனால், வினாடியைப் பத்து இலட்சம் கூறாக்கி அளக்க வேண்டிய அவ்வேறுபாடு அன்றைய கருவிகளுக்கு எட்டவில்லை. மறு ஆண்டே கான்ராட் மறைந்தார்.

மின்னணுவியல் வளர்ந்த பின், 1950களில் அம்முறை நடைமுறைக்கு வந்தது. கெட்டியான மணற்பாறையில் ஒலி வினாடிக்குச் சுமார் 5,500 மீட்டர் செல்லும்; நீரில் சுமார் 1,500 மீட்டரே. ஆகவே, நுண்துளைகள் மிகுந்து அவற்றில் நீரோ எண்ணெயோ நிறைந்திருந்தால் ஒலி தாமதமாகும். அத்தாமதத்தைக் கொண்டு துளைகளின் அளவைக் கணக்கிடும் சூத்திரத்தை வைலி, கிரெகோரி, கார்ட்னர் ஆகியோர் 1956இல் வெளியிட்டனர்.

தோண்டிய கிணற்றில் எஃகுக் குழாயை இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் இடையே சிமெண்டு நிரப்புவர். அங்கும் ஒலி உதவுகிறது. சிமெண்டு பற்றாத குழாய் மணிபோல் உரக்க ஒலிக்கும். நன்கு பற்றியிருந்தால் ஓசை அடங்கிவிடும்.

2010 ஏப்ரல் 20ஆம் நாள், மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' எண்ணெய்த் துரப்பண மேடையில் இச்சோதனைக்கென வந்திருந்த குழுவினர், அதனைச் செய்யாமலே திருப்பி அனுப்பப்பட்டனர். அன்றிரவு கிணறு வெடித்தது. 11 தொழிலாளர்கள் மாண்டனர். சிமெண்டு வாயுவைத் தடுக்கத் தவறியிருந்தது. சோதித்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பர் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால், கேட்டுப் பார்க்க ஒரு வழி இருந்தும் எவரும் கேட்கவில்லை.

"புரிந்ததா?" என்று வினவி, "புரிந்தது ஐயா" என்னும் ஒருமித்த குரலை நம்பி, நேரமில்லை என்று அடுத்த பாடத்திற்குத் தாவிய நாள்கள் எனக்கும் உண்டு. அம்மாணவன் கேட்ட கேள்விக்குப் பின், ஒவ்வொரு பாட முடிவிலும் ஐந்து நிமிடம் ஒதுக்கி மாணவர்களையே விளக்கச் சொல்கிறேன்.

இல்லத்தில் நீங்களும் கேட்டுப் பாருங்கள்.