வாளியில் ஏறிய டீசல்: சாண்டி புயலும் நியூயார்க் தரவு மையங்களும்

இணையதளங்களை இரவு பகலாக இயக்கும் கணினிகள் வைக்கப்பட்டுள்ள இடம் தரவு மையம் எனப்படும். மின்தடை ஏற்பட்டால் முதலில் மின்கலங்கள் சில நிமிடங்கள் கைகொடுக்கும். அதற்குள் டீசல் ஜெனரேட்டர் இயங்கத் தொடங்கிவிடும். இந்த ஏற்பாட்டைக் கடுமையாகச் சோதித்த நிகழ்வு, 2012ஆம் ஆண்டின் சாண்டி புயல்.

வெள்ளமும் மின்தடையும்

2012 அக்டோபர் 29 இரவு, நியூயார்க்கின் கீழ் மன்ஹாட்டன் பகுதிக்குள் கடல்நீர் புகுந்தது. துணைமின் நிலையம் ஒன்றில் வெடிப்பு ஏற்பட்டுப் பெரும்பகுதி இருளில் மூழ்கியது. அங்கிருந்த தரவு மையங்களில் ஜெனரேட்டர்கள் இருந்தன. ஆனால் மாடிகளில் அதிக எரிபொருள் சேமிக்கத் தீத்தடுப்பு விதிகள் இடம் தராததால், பெரிய டீசல் தொட்டிகளும் பம்புகளும் நிலத்தடித் தளத்தில் இருந்தன. வெள்ளம் புகுந்ததும் பம்புகள் நின்றன. மேலே நல்ல நிலையில் இருந்த ஜெனரேட்டருக்கு டீசல் போய்ச் சேரவில்லை.

ஒயிட்ஹால் தெருவில் இருந்த டேட்டாகிராம் மையம் செயலிழந்ததால், ஹஃபிங்டன் போஸ்ட், பஸ்ஃபீட் முதலிய செய்தித் தளங்கள் முடங்கின. 75, பிராட் தெருக் கட்டடத்தில் இருந்த பியர் 1 மையத்தின் கதை வேறு. அதன் ஊழியர்களும், வாடிக்கையாளர்களான ஸ்குவேர்ஸ்பேஸ், ஃபாக் கிரீக் நிறுவனத்தினரும் படிக்கட்டில் வரிசையாக நின்று, வாளி வாளியாக டீசலை 17 மாடிகள் ஏற்றினர்.

சிக்கனமும் ஒரு தற்காப்பே

தரவு மையத்தின் மின்சாரம் முழுவதும் கணினிகளுக்கே செல்வதில்லை. குளிரூட்டலுக்கும் ஒரு பங்கு தேவை. இதை அளக்க, கிரீன் கிரிட் என்ற அமைப்பு 2007 வாக்கில் மின்பயன்பாட்டு விகிதம் என்ற அளவீட்டைப் பரப்பியது. மையத்தின் மொத்த மின்செலவைக் கணினிகளின் மின்செலவால் வகுத்தால் இந்த விகிதம் கிடைக்கும். அது 1ஐ நெருங்க நெருங்க வீணாவது குறையும்.

விகிதம் 2 எனில், 100 லிட்டர் டீசலில் 50 லிட்டர் மட்டுமே கணினிகளுக்குப் பயன்படும். விகிதம் 1.25 ஆனால், அதே வேலைக்கு 62.5 லிட்டர் போதும். சாதாரண நாளில் இது மின்கட்டணச் சேமிப்பு. மின்தடை நாளிலோ, அதே தொட்டி கூடுதல் நேரம் தாங்கும். மாடியேற வேண்டிய வாளிகளும் குறையும்.

ஜெனரேட்டர் இருந்தால் மட்டும் போதாது, அதற்கு எரிபொருள் வந்து சேரும் வழியும் வெள்ளத்துக்குத் தப்ப வேண்டும் என்பதே சாண்டி கற்றுத்தந்த பாடம்.