இரசாயனம் ஏன் கடினமாயிற்று?

நீரின் வாய்பாடு யாது என்று எந்த மாணவரைக் கேட்டாலும், "ஹெச்-டூ-ஓ" என்று நொடியில் விடை வரும். ஹைட்ரஜன் அணு ஏன் இரண்டு, ஏன் ஒன்றாக இருத்தல் கூடாது என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே மௌனமாகிவிடும். மாணவப் பருவத்தில் நானும் அவ்வாறு நின்றவன்தான். என் அறிவின் குறை என்றே அன்று எண்ணினேன். இரசாயனத்தின் வரலாற்றைப் பயின்ற பின்னரே, அதே வினாவின் முன் ஐரோப்பியப் பேரறிஞர்கள் அரை நூற்றாண்டுக் காலம் தடுமாறினர் என்பதை அறிந்தேன்.

1808இல் அணுக் கொள்கையை நூலாக வெளியிட்ட ஜான் டால்டன், நீரில் ஹைட்ரஜன் அணு ஒன்றும் ஆக்ஸிஜன் அணு ஒன்றுமே உள்ளன என்று கொண்டார். அணுவோ கண்ணுக்குப் புலனாகாதது. ஆகவே, மிக எளிய கணக்கே போதும் என்று அவர் கருதினார். கன அளவில் இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்ஸிஜனும் கூடியே நீராகின்றன என்று கே லூசாக் அளந்து காட்டியும் டால்டன் இசையவில்லை. சம வெப்பநிலையிலும் சம அழுத்தத்திலும், சம கன அளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமமே என்று 1811இல் இத்தாலியரான அவகாட்ரோ விளக்கினார். விடை அதில் இருந்தது. கேட்பார்தாம் இல்லை.

விளைந்ததோ பெருங்குழப்பம். ஆக்ஸிஜனின் அணு எடை ஒருவருக்கு 8, மற்றவருக்கு 16. கெகுலே 1861இல் தம் பாடநூலில், காடியிலுள்ள அசெட்டிக் அமிலம் ஒன்றற்கே அன்று வழங்கிய 19 வாய்பாடுகளை வரிசையாக அச்சிட்டார். அக்காலத்து மாணவரின் நிலை இரங்கத்தக்கது!

1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய மாநாடும் அணு எடைபற்றி முடிவொன்றும் காணவில்லை. ஆயினும், அங்கு வழங்கப்பெற்ற ஒரு சிறு வெளியீடு வழிகாட்டிற்று. ஜெனோவாவில் தாம் மாணவர்க்குப் பாடம் நடத்திய முறையை கானிட்சாரோ அதில் 1858இல் எழுதியிருந்தார். முடிவை மனப்பாடம் செய்விக்காமல், அறிஞர்கள் இடறிய இடங்களினூடே மாணவரை அவர் அழைத்துச் சென்றார். நாமோ முடிவை மட்டும் கரும்பலகையில் எழுதுகிறோம்.

கண்ணால் காணும் பொருள், காண இயலாத அணு, அதற்குரிய குறியீடு ஆகிய மூன்றினிடையே ஆசிரியர் ஒரே மூச்சில் தாவுவதால் மாணவர் திணறுகின்றனர் என்று 1991இல் கிளாஸ்கோவின் அலெக்ஸ் ஜான்ஸ்டோன் எடுத்துக்காட்டினார். கொதிக்கும் நீரின் குமிழிக்குள் இருப்பது யாது என்று வினவினால், ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் என்று கூறும் மாணவர் பலர். உள்ளே இருப்பது நீராவியே. பலகையில் கண்ட எழுத்துக்களை அவர்கள் குமிழியிலும் கண்டுவிட்டனர்.