கரன்ட் போய் வந்தா கம்ப்யூட்டர் தேதி மாறிடுதா? பழைய டெஸ்க்டாப்பின் 'செட்டப்'பில் நீங்களே பார்க்க வேண்டியவை!

வேலைக்கு விண்ணப்பிக்க இன்னிக்குத்தான் கடைசி நாள். வெள்ளிமலைப் பக்கம் சாயங்காலம் இடி, மழை. போன கரன்ட் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வந்தது. அவசரமா டெஸ்க்டாப்பை ஆன் பண்ணி டிஎன்பிஎஸ்சி தளத்தைத் திறந்தா, 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல'ன்னு எச்சரிக்கை. ஆனா, அதே தளம் போன்ல திறக்குது. வைரஸா இருக்குமோன்னு சிபியூவைத் தூக்கிக்கிட்டு, கச்சிராயபாளையம் வழியா கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறுறதுக்கு முன்னாடி, திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்க. 2012 ஜனவரி 1-னு தேதி காட்டுதா? அப்போ சிக்கல் அதுதான்.

ஒவ்வொரு இணையதளத்துக்கும் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை அது செல்லும்னு அதுலயே இருக்கும். உங்க கம்ப்யூட்டர் 2012-ல் நின்னுட்டா, 'இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே'ன்னு பிரவுசர் கதவைச் சாத்திடும். அவசரத்துக்கு, விண்டோஸ் கடிகாரத்தின் மேல ரைட் கிளிக் பண்ணி தேதியையும் நேரத்தையும் சரிபண்ணிட்டு விண்ணப்பத்தை முடிச்சிடுங்க. ஆனா, அடுத்த கரன்ட் கட்டுக்கு மறுபடியும் 2012-க்கே போயிடும். நிரந்தர வைத்தியம் மதர்போர்டுல இருக்கு.

காசு அளவு பேட்டரி

மதர்போர்டுல ஒரு ரூபாய் நாணயம் மாதிரி வட்டமா ஒரு பேட்டரி இருக்கும். பெரும்பாலான டெஸ்க்டாப்புகள்ல அது சிஆர்2032. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். கம்ப்யூட்டருக்கு கரன்ட் இல்லாதப்போ உள்ளே இருக்கிற கடிகாரத்தை ஓட்டுறது இதுதான். தனி கடிகாரமும், அமைப்புகளைச் சேமிக்கக் கொஞ்சம் நினைவகமும், அதுக்கு ஒரு பேட்டரியும் வைக்கிற இந்த ஏற்பாடு 1984-ல் வந்த ஐபிஎம் பிசி ஏடி காலத்துப் பழக்கம்.

சுவர் ஸ்விட்ச் ஆன்ல இருந்தா, கம்ப்யூட்டரை ஷட்டவுன் பண்ணியிருந்தாலும் கடிகாரத்துக்கு லேசா கரன்ட் போய்க்கிட்டே இருக்கும், பேட்டரி செலவாகாது. அதனாலதான் டவுன்ல பேட்டரி செத்துப்போனதுகூட பலருக்கும் தெரியறதில்லை. கல்வராயன் மலை ஊர்கள்ல அப்படி இல்லை. மரக்கிளை விழுந்தா கரன்ட் கட், இடி இடிச்சா நாமளே ப்ளக்கைப் பிடுங்கி வெச்சிடுவோம். பிடுங்கறது சரியான பழக்கம், விட்டுடாதீங்க. அதுக்கு விலையா பேட்டரி சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். வாட்ச் ரிப்பேர் கடையிலேயே இந்தப் பேட்டரி கிடைக்கும்.

மாத்துறதுக்கு முன்னாடி செட்டப் திரைக்குள்ள போய், எல்லாப் பக்கத்தையும் போன்ல போட்டோ எடுத்துக்கங்க. இதைப் பலரும் செய்யறதில்லை, அப்புறம் மாட்டிக்கிறாங்க. பேட்டரியைக் கழட்டினா சில மதர்போர்டுகள்ல அமைப்புகள் எல்லாம் கம்பெனி நிலைக்குத் திரும்பிடும். ஹார்ட் டிஸ்க்குக்கான 'சாட்டா மோட்' முன்னாடி ஐடிஇ-ல இருந்து இப்போ ஏஎச்சிஐ-க்கு மாறிட்டா, விண்டோஸ் நீலத் திரை காட்டி நின்னுடும். போட்டோ இருந்தா பழையபடி வெச்சிடலாம். இல்லேன்னா விண்டோஸே போச்சுன்னு நினைச்சு ஃபார்மேட் பண்ணிடுவீங்க.

ப்ளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடிங்க. பக்கவாட்டு மூடியைக் கழட்டி, பேட்டரியைப் பிடிச்சிருக்கிற சின்ன கிளிப்பைத் தள்ளினா தானா எழும்பும். புதுசை, ப்ளஸ் குறி வெளியே தெரியற மாதிரி வைங்க. ஆன் பண்ணதும் 'எஃப்1 அழுத்தவும்'னு வந்தா பயப்படாதீங்க, தேதி கேட்குது.

உள்ளே எப்படிப் போறது?

ஆன் பண்ண உடனே சாவியைத் தட்டிக்கிட்டே இருக்கணும். டெல் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10, லெனோவா டெஸ்க்டாப்புகள்ல பெரும்பாலும் எஃப்1. கடையில அசெம்பிள் பண்ணின ஆசுஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ போர்டு என்றால் டெலீட். விண்டோஸ் 10, 11-ல் ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டே ரீஸ்டார்ட் கொடுத்தும் போகலாம். ட்ரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்னு வழி. ரொம்பப் பழைய மெஷின்ல இந்த வழி இருக்காது.

தேதி போடும்போது ஒண்ணைக் கவனிங்க. பல செட்டப் திரைகள்ல மாசம்தான் முதல்ல. ஜூன் 5-ன்னு நினைச்சு 05/06 போட்டா, அது மே 6. இப்படி ஒரு மாசம் பின்தங்கினா சில தளம் திறக்கும், சிலது திறக்காது. தலையைப் பிச்சுக்கலாம்.

கரன்ட் வந்ததும் என்ன செய்யணும்?

பவர் பகுதியில 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' அல்லது 'ஏசி ரெக்கவரி'ன்னு ஒண்ணு இருக்கும். பவர் ஆஃப், பவர் ஆன், லாஸ்ட் ஸ்டேட்னு மூணு தேர்வு. யுபிஎஸ் இல்லாத வீட்டுக்கு என் ஓட்டு பவர் ஆஃபுக்குத்தான். மழை நேரத்துல கரன்ட் அஞ்சு நிமிஷத்துல மூணு தடவை வந்து போகும். ஒவ்வொரு தடவையும் மெஷின் தானா எழுந்து, பாதி பூட்டில் சாகறது ஹார்ட் டிஸ்க்குக்கு நல்லதில்லை. சிசிடிவி பதிவுக்காகவே ஓடுற கம்ப்யூட்டர் என்றால் லாஸ்ட் ஸ்டேட் வைங்க, ஆனா யுபிஎஸ்ஸோட.

'பூட் டிவைஸ் இல்லை'ன்னு வந்தா, முதல்ல பென்டிரைவ் சொருகியிருக்கான்னு பாருங்க. அதை எடுத்துட்டு, பூட் வரிசையில ஹார்ட் டிஸ்க்கை மேல கொண்டுவந்தா போதும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிஞ்சிடுச்சு. 'உங்க கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்கு ஒத்துவராது'ன்னு காட்டினதும் புதுசு வாங்க ஓடாதீங்க. அதுக்குத் தேவையான டிபிஎம் 2.0 பல மெஷின்கள்ல இருந்தும் அணைஞ்சு கிடக்கும். இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம்னு தேடி ஆன் பண்ணிப் பாருங்க. இன்டெல்லில் 8-ம் தலைமுறைக்கு முந்தின பிராசஸர் என்றால் பெரும்பாலும் இது உதவாது. பிட்லாக்கர் போட்டிருந்தா, டிபிஎம், செக்யூர் பூட்டைத் தொடறதுக்கு முன்னாடி 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி வெச்சுக்கங்க.

பயாஸ் அப்டேட் மட்டும் மலையில வேண்டாம். பாதியில கரன்ட் போனா மதர்போர்டே எழாம போகலாம். கட்டாயம் செய்யணும்னா, யுபிஎஸ் இருக்கிற இடத்துக்கு சிபியூவைத் தூக்கிட்டுப் போங்க. அதுக்கு பஸ் ஏறலாம்.