குதிரையின் பல்

குதிரைக்கு வயசு என்ன என்று குதிரைக்காரனைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்க்க வேண்டும். பல் பொய் சொல்லாது. இந்தச் சின்ன விஷயத்தினால் இங்கிலாந்தின் குதிரைப் பந்தய உலகமே ஒரு முறை கிடுகிடுத்துப் போயிற்று.

எப்ஸம் மைதானத்தில் நடக்கும் டெர்பி, மூன்று வயசுக் குதிரைகளுக்கான பந்தயம். 1844-ம் வருஷம் மே மாதம் அதில் ‘ரன்னிங் ரெய்ன்’ என்ற குதிரை முதலாவதாக வந்தது. கர்னல் பீலின் ‘ஆர்லண்டோ’ இரண்டாவது. இந்தக் கர்னல், அப்போது பிரதம மந்திரியாக இருந்த ஸர் ராபர்ட் பீலின் தம்பி. ஜயித்த குதிரைக்கு வயசு மூன்றல்ல, நான்கு. அது பெயர் மாற்றிக் கொண்டு வந்த வேறு குதிரை என்று பந்தயத்துக்கு முன்பே ஒரு பேச்சு இருந்தது. நிர்வாகிகளோ, முதலில் ஓடட்டும், ஜயித்தால் பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஒரு வயசுதானே என்று நினைக்காதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பையன்களுடன் எட்டாம் வகுப்புப் பையனை ஓடவிட்டால் யார் ஜயிப்பான்?

இந்தப் புரட்டைத் துப்புத் துலக்கப் புறப்பட்டவர் லார்ட் ஜார்ஜ் பெண்டிங்க். பெயர் நமக்குப் புதிதல்ல. சென்னையில் கவர்னராக இருந்து, பிற்பாடு கவர்னர் ஜெனரலாகி, 1829-ல் உடன்கட்டை ஏறும் வழக்கத்தைச் சட்டத்தினால் ஒழித்த பெண்டிங்க் பிரபு இவருக்குச் சித்தப்பா. அண்ணன் பிள்ளை சீர்திருத்தப் புறப்பட்ட இடம்தான் வேறு!

விவகாரம் ஜூலை மாதம் லண்டன் கோர்ட்டுக்கு வந்தது. நீதிபதி ஆல்டர்ஸன் சாட்சிகள் சொன்னதையெல்லாம் கேட்டார். கடைசியில், குதிரையைக் கொண்டு வாருங்கள், பல்லைப் பார்த்துவிடலாம் என்றார். குதிரை வரவில்லை. அதை எங்கேயோ மறைத்துவிட்டார்கள். வழக்கு அதோடு தீர்ந்தது. பரிசு ஆர்லண்டோவுக்குப் போயிற்று.

நீதிபதி தீர்ப்போடு ஒரு புத்திமதியும் சொன்னார். கனவான்கள் கனவான்களோடு மட்டும் பந்தயம் விட்டால் இப்படி நேராது. போக்கிரிகளோடு கூடினால் ஏமாறத்தான் வேண்டும் என்பது அதன் சாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெண்டிங்குக்குக் கனவான்களைப் பற்றி நன்றாகத் தெரியும். ஏனென்றால் அவரே ஒருவர்!

1836-ல் அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். டான்காஸ்டர் ஊரில் செயின்ட் லெஜர் பந்தயம். அவருடைய ‘எலிஸ்’ என்ற குதிரையோ சுமார் 250 மைலுக்கு அப்பால் குட்வுட்டில் நிற்கிறது. அந்தக் காலத்தில் பந்தயக் குதிரை ஊருக்கு ஊர் நடந்தேதான் போக வேண்டும். இனி எங்கே வந்து சேரப் போகிறது என்று எண்ணி, எலிஸ் மேல் பணம் கட்டுவோருக்கு ஒன்றுக்குப் பல மடங்கு தருவதாகச் சொன்னார்கள். பெண்டிங்க் ரகசியமாக ஒரு பெரிய கூண்டு வண்டி செய்து, எலிஸை அதில் ஏற்றி, வேறு குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்து கொண்டு போய்ச் சேர்த்தார். எலிஸ் ஜயித்தது. இது மோசடியல்ல, என்றாலும், தமக்குத் தெரிந்தது பிறருக்குத் தெரியவில்லை என்பதை வைத்துத்தான் அவர் காசு பண்ணினார்.

நோய் எங்கே இருக்கிறது என்பது அவருக்குப் புரிந்ததும் இதனால்தான். ஆளைப் பார்த்துச் சேர்ப்பதில் பயனில்லை. எல்லார் கண்ணுக்கும் எல்லாம் தெரிய வேண்டும். குட்வுட்டில் அவர் செய்த ஏற்பாடுகளைப் பாருங்கள். ஒவ்வொரு குதிரைக்கும் எண். அந்த எண் ஜனங்கள் பார்க்கும்படி பலகையில். சேணம் பூட்டுவது மறைவில் அல்ல, பொது இடத்தில். ஓடுமுன் குதிரைகள் கூட்டத்தின் முன்னே நடந்து காட்ட வேண்டும். புறப்படக் கொடியசைப்பு. தாமதம் செய்தால் அபராதம். எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஆனால் ஒரு ஷில்லிங் கட்டிவிட்டு வேலிக்கு வெளியே நிற்கிறவனுக்கு அவற்றை விட்டால் வேறு காப்பு ஏது? கர்னல் பீல் கோர்ட்டுக்குப் போகலாம். அவன் எங்கே போவான்? அடுத்த வருஷமே, 1845-ல், பந்தயத்தில் ஜயித்த பணத்தைக் கோர்ட்டில் கேட்க முடியாது என்றும் சட்டம் வந்துவிட்டது.

நம் ஊரில் 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தார்கள். வழக்கு நெடுங்காலம் நடந்தது. 1996-ல் சுப்ரீம் கோர்ட், குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டமல்ல, அதில் திறமையே முக்கியம் என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சம், பழக்கிய விதம், ஜாக்கியின் சாமர்த்தியம் எல்லாவற்றையும் எடை போட்டுப் பணம் கட்டுகிறார்கள் என்பது வாதம்.

இருக்கலாம். குதிரைப் பந்தயம் நல்லதா, கெட்டதா என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு என் வீட்டிலேயே இரண்டு கட்சி உண்டு. ஆனால் எடை போடுகிறவன் முன்னால் நிற்பது, சொன்ன குதிரையாகவே இருக்க வேண்டாமா? இல்லையென்றால் அவனுடைய திறமை எவ்வளவு இருந்து என்ன? பல்லைப் பார்க்க விடாத இடத்தில் மிஞ்சுவது சூதாட்டம் கூட அல்ல, திருட்டுத்தான்.